‘நீ யார்?’ என்று நேராகக் கேட்காமல்: பதின்வயதினர் கலை வழியே தம்மைத் தேடுவது எப்படி?

ஒன்பதாம் வகுப்பு மாணவன் ஒருவனிடம் ‘உன்னைப் பற்றிச் சொல்’ என்று கேளுங்கள். பெயர், வகுப்பு, ஊர், அப்பாவின் தொழில், பிடித்த கிரிக்கெட் வீரர் என ஐந்து வரியில் முடித்துவிட்டு ஜன்னலைப் பார்ப்பான். அதே பையனிடம் ஒரு வெள்ளைத் தாளைக் கொடுத்து, ‘உனக்குச் சொந்தமான பொருள்களில் மூன்றை மட்டும் வரை. உன்னைத் தெரியாத ஒருவர் அந்தத் தாளைப் பார்த்து நீ எப்படிப்பட்டவன் என்று ஊகிக்க வேண்டும்’ என்று சொல்லிப் பாருங்கள். பென்சிலை எடுப்பதற்கு முன்பே வேலை தொடங்கிவிடும். எந்த மூன்று? கிரிக்கெட் மட்டையை வரைந்தால் எல்லாரையும் போல ஆகிவிடுமே? பாட்டியின் மூக்குக்கண்ணாடிக் கூட்டைத் தான் பத்திரமாக வைத்திருப்பதை வரையலாமா? வரைந்தால் சிரிப்பார்களா?

இந்தத் தயக்கமும் தேர்வும்தான் விஷயம். கலை மூலம் சுய அடையாளத்தைத் தேடுவது என்று கல்வியாளர்களும் உளவியலாளர்களும் சொல்வதன் தொடக்கம் இவ்வளவு எளியது. இதற்கு ஓவியம் வர வேண்டிய அவசியம் இல்லை. இன்னும் சொல்லப்போனால், நன்றாக வரைகிறவர்களுக்குத்தான் இது கடினம். அவர்கள் கை பழகிய படத்திற்குள் போய் ஒளிந்துகொள்வார்கள். நம் கன்னியாகுமரி மாவட்டத்தில் அந்தப் படம் பெரும்பாலும் ஒன்றே: சூரிய அஸ்தமனம், சாய்ந்த தென்னை, ஒரு வள்ளம், வானத்தில் நான்கு பறவைகள்.

அடையாளம் என்பதைப் பதின்வயதோடு இணைத்து விரிவாகப் பேசியவர் உளவியலாளர் எரிக் எரிக்சன். 1902-இல் ஜெர்மனியின் பிராங்க்பர்ட் நகரில் பிறந்தவர். தன்னைப் பெற்ற தந்தை யார் என்பது அவருக்குக் கடைசிவரை தெரியவில்லை. யூதரான வளர்ப்புத் தந்தையின் வீட்டில், பொன்னிற முடியும் நீல விழிகளுமாக வளர்ந்தார். யூதச் சிறுவர்களுக்கு அவர் வெளியாள். பள்ளியில் மற்றவர்களுக்கு அவர் யூதர். படிப்பை முடித்ததும் கல்லூரிக்குப் போகாமல், படம் வரைந்துகொண்டு ஐரோப்பாவில் சில ஆண்டுகள் சுற்றினார். 1927-இல் வியன்னாவில் ஒரு சிறிய பள்ளியில் ஆசிரியராகச் சேர்ந்தார். அங்கேதான் சிக்மண்ட் பிராய்டின் மகளும் உளப்பகுப்பாய்வாளருமான அன்னா பிராய்டின் பழக்கம் கிடைத்து உளப்பகுப்பாய்வுக்குள் வந்தார். பிறகு அமெரிக்கா சென்று, 1939-இல் குடியுரிமை பெற்றபோது ‘எரிக்சன்’ என்ற குடும்பப் பெயரைத் தானே சூட்டிக்கொண்டார். இப்படி ஒருவர் அடையாளத்தைப் பற்றி எழுதாமல் வேறு எதைப் பற்றி எழுதுவார்?

மனித வாழ்க்கையை எட்டுக் கட்டங்களாகப் பிரித்து அவர் 1950-இல் முன்வைத்த கோட்பாட்டில் ஐந்தாவது கட்டம் பதின்வயது. ‘நான் யார், எதை நம்புகிறேன், யாரோடு சேர்ந்தவன், எங்கே போகிறேன்’ என்ற கேள்விகள் ஒன்றாக வந்து மோதும் காலம் அது. அந்த வயதினருக்குச் சமூகம் ஒரு தவணைக் காலம் கொடுக்க வேண்டும் என்றார் அவர். ஒன்றை எடுத்துப் பார்க்கலாம், வைத்துவிடலாம், வேறொன்றை எடுக்கலாம். எதற்கும் உடனே கையெழுத்துப் போட வேண்டியதில்லை.

1966-இல் ஜேம்ஸ் மார்சியா என்ற உளவியலாளர் இதைக் கொஞ்சம் கூர்மையாக்கினார். ஓர் இளைஞரைப் பற்றி இரண்டே கேள்விகள். தேடிப் பார்த்தாரா? ஒன்றில் உறுதியாக நின்றாரா? இதற்குக் கிடைக்கும் விடைகளின்படி நான்கு நிலைகள். தேடவும் இல்லை, நிற்கவும் இல்லை என்பது ஒன்று. ‘என்னவானாலும் சரி’ என்று தோளைக் குலுக்கும் பிள்ளை. தேடிக்கொண்டே இருக்கிறார், இன்னும் எதிலும் நிற்கவில்லை என்பது இன்னொன்று. போன மாதம் கிட்டார், இந்த மாதம் கவிதை. தேடி, கண்டு, நின்றுவிட்டார் என்பது மூன்றாவது.

நான்காவதைப் பற்றித்தான் நாம் நிதானமாகப் பேச வேண்டும். தேடவே இல்லை, ஆனால் உறுதியாக நிற்கிறார். ‘நான் நர்சிங் படிப்பேன், பிறகு வெளிநாடு’ என்று பத்தாம் வகுப்பிலேயே தெளிவாகச் சொல்லும் பெண். அவளுடைய அத்தை அப்படிப் போனவர், சித்தி அப்படிப் போனவர், அம்மா போக முடியாமல் போனவர். அவள் சொல்வது தவறான முடிவு என்று யாரும் சொல்ல முடியாது; நல்ல வேலை, குடும்பத்தைத் தூக்கி நிறுத்திய வேலை. ஆனால் அந்த முடிவை எடுத்தது அவளா என்பதுதான் கேள்வி. பெரியவர்கள் இந்தப் பிள்ளைகளைத்தான் ‘பொறுப்பானவர்கள்’ என்று மெச்சுகிறோம்.

இந்த நான்காவது நிலை கன்னியாகுமரி மாவட்டத்தில் எளிதாக வாய்க்கிறது என்பது என் கணிப்பு. இங்கே ஒரு பிள்ளைக்கு ‘நீ யார்’ என்பதற்கான பதில்கள் தொட்டிலிலேயே தயாராக இருக்கின்றன. 2011 மக்கள்தொகைக் கணக்கின்படி மாவட்டத்தில் இந்துக்களும் கிறிஸ்தவர்களும் ஏறக்குறையச் சரிபாதி. நீரோடியிலிருந்து ஆரோக்கியபுரம் வரை கடற்கரை ஊர்கள், குலசேகரம், அருமனைப் பக்கம் ரப்பர், தோவாளையில் பூ, நடுவே வயலும் குளமும் வாழையும். கோயில் எது, சபை எது, கரையா மேட்டுப்பகுதியா, எந்தத் தெரு என்பதெல்லாம் முன்பின் தெரியாதவர் கேட்கும் முதல் இரண்டு கேள்விகளிலேயே தெரிந்துவிடும். 1956 நவம்பர் 1 வரை இது திருவிதாங்கூர்-கொச்சி மாநிலத்தின் பகுதி. மலையாளம் படித்த தாத்தாவும், தமிழ் படித்த அப்பாவும், ஆங்கிலவழிப் பள்ளிக்குப் போகும் பேரனும் ஒரே வீட்டில் இருப்பது விளவங்கோடு, கல்குளம் பக்கங்களில் புதுமை அல்ல. அந்தப் பேரனுடைய மொழி எது? பள்ளிப் படிவத்தில் ஒரு கட்டம்தான் இருக்கும்.

எழுத்தறிவிலும் நாம் குறைந்தவர்கள் இல்லை. அதே 2011 கணக்கில் தமிழ்நாட்டில் முதலிடம், 91.75 சதவீதம். அந்தப் பெருமையின் மறுபக்கம், ஒன்பதாம் வகுப்போடு ஓவிய நோட்டு பரணுக்குப் போய்விடுவது. அதன் பிறகு வரைவதெல்லாம் இதயத்தின் குறுக்குவெட்டுத் தோற்றம் மட்டும்தான்.

ஆனால் ‘நான் யார்’ என்ற கேள்வியைக் கண்ணுக்குத் தெரியும் வடிவத்தில் கேட்டுப் பழகிய மண்தான் இது. சாமித்தோப்பில், பத்தொன்பதாம் நூற்றாண்டில் வாழ்ந்த அய்யா வைகுண்டர் வழியில் வந்தவர்களின் வழிபாட்டுத் தலமான பதியில், கருவறையில் சிலை கிடையாது; கண்ணாடி இருக்கிறது. வழிபட வருகிறவர் நெற்றியில் நாமத்தோடு தம் உருவத்தையே அதில் காண்கிறார். ஆண்கள் தலைப்பாகை கட்டி வணங்குகிறார்கள். வைகுண்டர் வாழ்ந்ததோ, தலைப்பாகையும் மேலாடையும் யாருக்கு உரியவை என்று சாதி வகுத்திருந்த காலம். தோள்சீலைப் போராட்டத்தின் பிறகு, 1859-இல்தான் நாடார் பெண்கள் மேலுடம்பை மறைக்கத் திருவிதாங்கூர் அரசு அனுமதித்தது. அப்போதும் மேல்சாதிப் பெண்கள் உடுத்துவதுபோல உடுத்தக் கூடாது என்ற நிபந்தனையோடு. என்ன உடுத்துகிறேன், எப்படித் தோன்றுகிறேன் என்பது இங்கே உயிரைக் கொடுத்துப் போராடிய விஷயம். பதினான்கு வயதுப் பெண் கண்ணாடி முன் அரைமணி நேரம் நிற்பதைப் பார்த்து எரிச்சல்படும்போது இது கொஞ்சம் நினைவுக்கு வரலாம்.

ஏன் கலை? பேசினால் போதாதா?

பேச்சில் ஒரு சிக்கல் இருக்கிறது. சொல்லிவிட்டால் சொன்னதுதான். ‘எனக்குக் கோயிலுக்குப் போகப் பிடிக்கவில்லை’ என்று ஒரு பையன் சாப்பாட்டு மேசையில் சொன்னால் அது வீட்டுக்குள் ஓர் அறிவிப்பு; மறுநாள் மாமாவுக்குத் தெரிந்துவிடும். ஒரு படத்தில் அவன் கோயிலை மிகச் சிறிதாகவும் அதன் வாசலில் கிடக்கும் தன் செருப்பை மிகப் பெரிதாகவும் வரைந்தால், அதை அவன் இன்னும் யாரிடமும் அறிவிக்கவில்லை. அவனே அதைப் பார்த்து, ‘ஏன் இப்படி வரைந்தேன்?’ என்று யோசிக்கலாம். வேண்டாம் என்றால் அழித்துவிடலாம். அது கேலியாகவும் இருக்கலாம், வலியாகவும் இருக்கலாம், இரண்டுமாக இருக்கலாம். எரிக்சன் சொன்ன தவணைக் காலத்தை ஒரு தாளின் அளவுக்குச் சுருக்கிக் கொடுப்பது போன்றது இது.

இன்னொன்று, உள்ளே இருப்பது கை வழியே வெளியே வந்துவிடுகிறது. மனத்துக்குள் சுழன்றுகொண்டிருந்தது மேசைமேல் கிடக்கும்போது, அதைத் திருப்பிப் பார்க்கவும் தள்ளி வைக்கவும் முடிகிறது.

ஆனால் பன்னிரண்டு வயதுக்கு மேல் பிள்ளைகள் வரைவதையே நிறுத்திவிடுகிறார்களே? இதற்கும் காரணம் உண்டு. குழந்தை ஓவியங்களை ஆராய்ந்த விக்டர் லோவன்பெல்டு, வளர்ச்சிக் கட்டங்களாக இதை விளக்கியிருக்கிறார். ஐந்து வயதுக் குழந்தை தனக்குத் தெரிந்ததை வரைகிறது. வீட்டைவிடப் பெரிய அம்மாவை வரைந்துவிட்டு மகிழ்கிறது. பன்னிரண்டு, பதின்மூன்றில் கண் முந்திக்கொள்கிறது, கை பின்தங்கிவிடுகிறது. ‘மூக்கு மூக்கு மாதிரி இல்லை’ என்ற வெட்கம் வந்துவிடுகிறது. ஆகவே இந்த வயதினரிடம் எடுத்த எடுப்பில் ‘உன் முகத்தை வரை’ என்று சொல்வது மிக மோசமான தொடக்கம். முகத்தை விட்டுவிட்டுத் தொடங்க வேண்டும்.

முகம் இல்லாத சுயஓவியத்துக்குப் பெரிய முன்னோடிகள் உண்டு. 1888-இல் வின்சென்ட் வான்கோ இரண்டு நாற்காலிகளை வரைந்தார். ஒன்று தன்னுடையது: சாதாரண மர நாற்காலி, மேலே புகைக்குழாயும் புகையிலையும். மற்றது தன்னோடு தங்கியிருந்த ஓவிய நண்பர் பால் கோகனுடையது: கைப்பிடி வைத்த நாற்காலி, எரியும் மெழுகுவத்தி, புத்தகங்கள். இரண்டிலும் ஆள் இல்லை. ஆனால் இரண்டு பேர் எப்படிப்பட்டவர்கள், அவர்களுக்குள் எவ்வளவு தூரம் என்பதெல்லாம் அந்த நாற்காலிகளில் இருக்கின்றன. இதைக் காட்டிவிட்டு, ‘உன் வீட்டில் நீ வழக்கமாக உட்காரும் இடத்தை, நீ இல்லாமல் வரை’ என்று சொன்னால் போதும். மொட்டைமாடிப் படிக்கட்டு வரும், முற்றத்துக் கட்டில் வரும், ஆலயத்தின் பின்வரிசை வரும், கரையில் கவிழ்த்துப் போட்ட வள்ளத்தின் நிழல் வரும். ஒரு பெண் ‘எனக்கென்று ஓர் இடம் இல்லை’ என்று சொல்லவும் கூடும். அதுவும் ஒரு சுயஓவியம்தான். வீடு முழுவதையும் வரைந்து, எங்கெல்லாம் மற்றவர்கள் உட்கார்ந்திருக்கிறார்கள் என்று குறித்தாலே போதும்.

எனக்கு மிகவும் பிடித்த பயிற்சி முகமூடி. வெளிப்பக்கத்தில் மற்றவர் பார்க்கும் நான், உள்பக்கத்தில் எனக்கு மட்டும் தெரிந்த நான். உலகெங்கும் கலை வகுப்புகளில் அட்டையில் செய்கிறார்கள். நமக்குக் கமுகம்பாளை, அதாவது பாக்கு மட்டை, இருக்கிறது. தோட்டத்தில் விழுந்து கிடப்பதை எடுத்து, நனைத்து, விரித்து, மேலே கல்லை வைத்துக் காயவிட்டால் முகமூடிக்கு வேண்டிய வளைவும் தடிமனும் கிடைத்துவிடும். அதன் வெளிப்புறம் நரம்போடிச் சொரசொரப்பாக இருக்கும், உள்புறம் வழவழப்பாக இருக்கும். எந்தப் பக்கத்தை வெளியே காட்டுவது என்பதிலேயே விவாதம் தொடங்கிவிடும். சிலர் வெளிப்பக்கத்தை மிக அழகாக முடித்துவிட்டு உள்பக்கத்தில் ஒன்றும் செய்யாமல் விட்டுவிடுவார்கள். விட்டுவிடுங்கள். உள்பக்கத்தை யாருக்கும் காட்ட வேண்டியதில்லை என்று தொடக்கத்திலேயே சொல்லிவிடுவது அவசியம். அந்த உறுதி இல்லாவிட்டால் இரண்டு பக்கமும் வெளிப்பக்கம்தான்.

அடுத்தது பெயர் வரைபடம். ஒரு நாளில் எந்தெந்த இடத்தில் யார் என்னை எப்படிக் கூப்பிடுகிறார்கள்? வீட்டில் பாட்டிக்கு ‘மக்களே’. பள்ளி வருகைப் பதிவேட்டில் இன்ஷியலோடு முழுப்பெயர். கிரிக்கெட் மைதானத்தில் வெளியே சொல்ல முடியாத பட்டப்பெயர். ஞானஸ்நானப் பெயர் ஒன்று, வீட்டுப் பெயர் இன்னொன்று என்று இருப்பவர்களும் நிறைய. டியூஷனில் ‘கடைசி பெஞ்ச்’. இவற்றைத் தாளில் இடங்களாகப் போட்டு, வழிகளால் இணைத்து, ஒவ்வொரு பெயருக்கும் ஒரு நிறமோ கோடோ கொடுக்கச் சொல்லுங்கள். எந்த இடத்துக்கு விரைவாகப் போக விரும்புகிறார்கள், எதைச் சுற்றி வளைத்துப் போகிறார்கள் என்பது வழிகளிலேயே தெரியும்.

வரையவே மறுப்பவர்களுக்குக் கைபேசி. செல்ஃபியும் சுயஓவியம்தான், ஆனால் அதில் அடுத்தவர் கண் முதலிலேயே வந்து உட்கார்ந்துவிடுகிறது. அதனால் முகத்துக்குப் பதில் நிழலைப் படம்பிடிக்கச் சொல்லலாம்: காலையில் மணலில், மதியம் சுவரில், மாலையில் தோட்டத்தில். அல்லது பழைய திருமண அழைப்பிதழ்கள், பத்திரிகைத் தாள்கள், நாள்காட்டிக் கடவுள் படங்கள் ஆகியவற்றை வெட்டி ஒட்டுவது. வெட்டுவதற்கு ஓவியத் திறமை தேவையில்லை. கடவுள் படத்தை வெட்டுவதைப் பற்றி மட்டும் வீட்டில் ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள், தேவையில்லாத வம்பு.

பிறகு, ஒரு பழக்கம் வந்த பிறகு, முகத்துக்கு வரலாம். மெக்சிகோ ஓவியர் பிரிடா காலோ 1925-இல், பதினெட்டு வயதில், பஸ் விபத்தில் உடல் நொறுங்கிப் படுக்கையில் கிடந்தபோது கட்டிலுக்கு மேலே பொருத்திய கண்ணாடியில் தன்னைப் பார்த்து வரையத் தொடங்கினார். தாய்வழியில் மெக்சிகோ, தந்தைவழியில் ஜெர்மனி என்ற இரட்டைப் பின்னணியைத் தன் ஓவியங்களில் திரும்பத் திரும்பத் தொட்டார். நம் நாட்டின் ஓவியர் அம்ரிதா ஷெர்கில், ஹங்கேரியத் தாய்க்கும் சீக்கியத் தந்தைக்கும் 1913-இல் புடாபெஸ்டில் பிறந்தவர், இளம் வயதிலேயே தன்னைப் பல கோலங்களில் வரைந்து பார்த்தார். 1934-இல் தன்னைத் தாகித்தித் தீவுப் பெண்ணாகவும் வரைந்தார். ‘இதில் எது உண்மையான அம்ரிதா?’ என்று பிள்ளைகளிடம் கேட்டால் நல்ல சண்டை மூளும்.

இங்கே எனக்கு ஒரு மறுப்பும் உண்டு. எரிக்சனும் மார்சியாவும் தனிமனிதர் தன்னைத் தானே கண்டெடுப்பதை உச்சமாக வைத்தார்கள். மயிலாடியில் கல்சிற்பக் குடும்பத்தில் பிறந்த பையன் அப்பாவிடம் உளி பிடிக்கக் கற்கும்போது, சிலையின் முகம், கை, இடை எல்லாவற்றுக்கும் தாள அளவு, அதாவது மரபு வகுத்த அளவுமுறை, உண்டு. அவனுடைய ‘சுயவெளிப்பாட்டை’ அங்கே யாரும் கேட்கவில்லை. அதனால் அவன் அடையாளம் இல்லாதவனா? தலைமுறைகளாக வந்த அளவுக்குள் தன் கைக்கென்று ஒரு நேர்த்தியைக் கண்டுகொள்வதும் ஒரு விடைதான். கண்டிக்க வேண்டியது பரம்பரையை அல்ல. வேறொன்றைத் தொட்டுப் பார்க்கவே விடாத கட்டாயத்தை. அவனுக்கும் ஒரு நாள் களிமண்ணில் அளவு இல்லாமல் தன் இஷ்டத்துக்கு ஒரு முகம் செய்யக் கிடைத்தால், பிறகு அவன் உளிக்குத் திரும்பினாலும் அது அவனே எடுத்த முடிவாக இருக்கும். வடசேரியில் கோயில் நகை செய்யும் வீட்டுப் பிள்ளைக்கும், வில்லுப்பாட்டுக் குழுவில் பின்பாட்டுப் பாடும் பையனுக்கும் இது பொருந்தும்.

பெரியவர்கள் என்ன செய்ய வேண்டும்?

முக்கியமாக, வாயைக் கட்ட வேண்டும். ‘ஏன் எல்லாம் கறுப்பு? மனசு சரியில்லையா?’ என்ற கேள்வி வகுப்பையே கெடுத்துவிடும். கறுப்பு என்றால் சோகம், சிவப்பு என்றால் கோபம் என்று நிறத்துக்கு அகராதி கிடையாது. கறுப்பு கிரேயான் மட்டும் நீளமாக மிச்சம் இருந்திருக்கலாம். ‘ரொம்ப அழகாக இருக்கிறது’ என்பதும் உதவாது. அடுத்த முறை அவள் அழகாக வரையத்தான் முயல்வாள், உண்மையாக அல்ல. ‘இந்த மூலையில் என்ன நடக்கிறது?’, ‘இதை முதலில் வரைந்தாயா, கடைசியிலா?’, ‘இங்கே அழித்தது என்ன?’ போன்றவை திறந்த கேள்விகள். பதில் வராவிட்டால் அதற்கு மேல் கேட்க வேண்டாம்.

நம் ஊர்களில் ஓவியம் என்றாலே போட்டி. ‘சாலைப் பாதுகாப்பு’, ‘தூய்மையான கடற்கரை’, இரண்டு மணி நேரம், மூன்று பரிசுகள், மேடையில் ஒரு பிரமுகர். அந்தப் போட்டிகளால் தீங்கு என்று சொல்லமாட்டேன். ஆனால் நடுவரின் கண்ணுக்காக வரைந்து பழகிய பிள்ளை, யாரும் மதிப்பெண் போடாத தாளின் முன் திகைத்து நிற்பதைப் பார்த்திருக்கிறேன். இந்த வகுப்பில் பரிசு கூடாது, சுவரில் ஒட்டுவது கட்டாயம் ஆகக் கூடாது. பிள்ளையின் அனுமதி இல்லாமல் படத்தை வாட்ஸ்அப் ஸ்டேட்டஸில் போடவே கூடாது. பெருமைதான், புரிகிறது. ஆனாலும் கூடாது.

‘படிப்பு கெட்டுவிடும்’ என்று கவலைப்படும் பெற்றோருக்கு ஒரு தகவல். 2016-இல் அமெரிக்காவில் கிரிஜா கைமல் குழுவினர் 39 பெரியவர்களை 45 நிமிடம் தங்கள் விருப்பப்படி களிமண், வண்ணம், காகிதம் கொண்டு எதையாவது செய்யச் சொன்னார்கள். சுமார் முக்கால்வாசிப் பேருக்கு மன அழுத்தத்தோடு தொடர்புள்ள கார்டிசால் அளவு குறைந்தது. ஏற்கெனவே கலை தெரிந்தவரா, தெரியாதவரா என்பது பெரிய வேறுபாட்டை உண்டாக்கவில்லை. சிறிய ஆய்வு, பெரியவர்களிடம் செய்தது. இதைக் கொண்டு நீட் மதிப்பெண் கூடும் என்று யாரும் வாக்குக் கொடுக்க முடியாது. வாரம் ஒரு மணி நேரம் இதற்குக் கொடுத்தால் மனம் கொஞ்சம் இலேசாகலாம் என்று சொல்ல மட்டும் இது போதும்.

ஓர் எல்லையும் உண்டு. இது கலை வகுப்பு. கலை சிகிச்சை வேறு. சிகிச்சை என்பது பயிற்சி பெற்றவர்கள் செய்வது. இந்த மாவட்டத்தில் 2004 சுனாமியும் 2017 ஒக்கி புயலும் தொடாத கடற்கரை ஊர் அரிது. அப்பாவோ சித்தப்பாவோ திரும்பி வராத வீட்டுப் பிள்ளையும் உங்கள் வகுப்பில் இருக்கலாம். ‘கடலை வரையுங்கள்’ என்று பொதுவாகச் சொல்வதற்கு முன் இதை நினைக்க வேண்டும். வேறு தலைப்பும் கையில் இருக்கட்டும். ஒரு பிள்ளை தன்னைக் காயப்படுத்துவதையோ சாவையோ திரும்பத் திரும்ப வரைந்தால், படத்துக்கு விளக்கம் தேடாமல் தனியாக அழைத்து நேராகக் கேளுங்கள். தற்கொலை பற்றிக் கேட்பதால் அந்த எண்ணம் புதிதாக வந்துவிடாது. அரசின் டெலி-மானஸ் மனநல உதவி எண் 14416. குழந்தைகள் உதவி எண் 1098. ஆசாரிப்பள்ளம் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையிலும் மருத்துவர்களைப் பார்க்கலாம்.

தொடங்க நினைப்பவர்களுக்குச் செலவு அதிகம் இல்லை. ஊர் நூலகத்தின் ஒரு மேசை, ஆலயத்தின் மறைக்கல்வி அறை, வீட்டுத் திண்ணை, எதுவும் போதும். ஒருபக்கம் அச்சடித்த பழைய தாள், கிரேயான், பசை, கத்தரிக்கோல். ஆறேழு பிள்ளைகள், முடிந்தால் கரையிலிருந்தும் மேட்டுப்பகுதியிலிருந்தும் கலந்து. ஒரே தெருப் பிள்ளைகள் மட்டும் கூடினால் எல்லாருடைய பெயர் வரைபடமும் ஒன்றுபோல வந்துவிடும். நீங்களும் கூடவே உட்கார்ந்து செய்யுங்கள்; கைகட்டி மேற்பார்வை பார்க்கிறவர் முன் யாரும் உள்பக்கத்தைத் திறக்கமாட்டார்கள். முடித்த தாளின் பின்புறம் தேதி மட்டும் எழுதச் சொல்லுங்கள், பெயர் விருப்பம். யாராவது தன் படத்தைக் கிழித்துப் போட்டால் தடுக்க வேண்டாம். அடுத்த வாரம் வராவிட்டால் ஒரு முறை விசாரியுங்கள், வற்புறுத்தாதீர்கள். அவனுக்குக் கால்பந்து பிடித்திருக்கலாம்.